ஏரியைச் சுமந்து போனவர்கள்

டோர்ன்ஸ்பி
9 பிப்ரவரி 1988

அன்புள்ள எஸ்கில்,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாம் பிரிந்து தனித்தனியாக வாழ ஆரம்பித்து இது இரண்டாவது குளிர்காலம். இதுவரை பிறந்தநாள் அட்டையைத் தவிர ஒருவருக்கொருவர் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. தொலைபேசியில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். நம் தேவாலயத்தை நகர்த்தப் போகிறோம். நீ போன பிறகு அது நிற்கிற மேட்டைக் கடல் இன்னும் தின்றுவிட்டது. கல்லறைத் தோட்டத்தின் மேற்குச் சுவர் போன நவம்பர் புயலில் கீழே போய்விட்டது. கட்டடத்தைப் பிரிக்க வேண்டாம், அடியில் இரும்பு உத்தரம் கொடுத்து, தண்டவாளத்தின் மேல் முழுசாக இழுத்துப்போய் உள்ளே ஓஸ்டர்கோர் வயலில் வைக்கலாம் என்று சபைக் குழு முடிவு செய்திருக்கிறது. பொறுப்பு யாருக்கு என்று கேட்டபோது எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்து பார்த்துத் தொலைத்தேன்.

பனிக்காலத்தில் எந்தச் சாலைக்கு எந்த வண்டியை அனுப்புவது என்று நகராட்சியில் இத்தனை வருடம் ஏற்பாடு செய்திருக்கிறேன். அது வேறு. இது வேறு. ஓர்ஹுஸில் ஒரு வாரம் திட்ட மேலாண்மை வகுப்புக்கு அனுப்பினார்கள். தலையணை மாதிரி ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதைத் தலையணையாகத்தான் பயன்படுத்த முடிகிறது. காலையில் படித்தது மதியம் மறந்துபோகிறது. ஆனால் நீ எப்போதோ சொன்ன கதைகளில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

அதனால் எனக்கு ஒரு கதை எழுது. யாரோ எதையோ நகர்த்துகிற கதை. அதைப் படித்து நான் கற்றுக்கொள்கிறேன். இரண்டு நிபந்தனை. என்னைக் கதையில் போடக் கூடாது. பாதியில் விடக் கூடாது. இரண்டாவது உனக்குக் கஷ்டம் என்று தெரியும்.

ஸ்வென்போரில் உன் மாணவர்களுக்கு என் வணக்கம்.

தோவே

*

ஸ்வென்போர்
21 பிப்ரவரி 1988

அன்புள்ள தோவே,

உன் கடிதத்தை மூன்று நாள் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நாவலை முடிக்காதவனிடம் வேலையை முடிப்பது எப்படி என்று கேட்கிறாய். உன் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. இதோ, முதல் பகுதி.

மலைச்சரிவில் ஓர் ஊர். அந்த ஊருக்கு ஓர் ஏரி. சரிவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலையும் ஏரி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை ஊரார் பார்த்தார்கள். ஒருநாள் முழுக்கக் கொட்டிவிடும். மலைக்கு அப்பால் ஒரு வெறும் பள்ளத்தாக்கு இருந்தது. ஏரியை அங்கே கொண்டுபோக வேண்டும். அந்த வேலையை சிக்னே என்ற பெண்ணிடம் கொடுத்தார்கள்.

சிக்னே முதலில் வாளி தேடவில்லை, ஆள் தேடவில்லை. வீடு வீடாகப் போய், "ஏரின்னா என்ன?" என்று கேட்டாள். மீன்காரன் மீன் என்றான். துணி துவைக்கிறவர்கள் அந்தச் சப்பைக் கல் என்றார்கள். பள்ளி ஆசிரியர் நீர் என்றார், அளவும் சொன்னார். புதிதாகக் கல்யாணமானவர்கள், நிலா விழுகிற அந்த நடு இடம் என்றார்கள். ஆளுக்கொரு ஏரி. எல்லாவற்றையும் தூக்க முடியாது. எதைத் தூக்கினால் அங்கே போன பிறகும் அது நம் ஏரியாக இருக்கும் என்பதைப் பேசித் தீர்க்காமல் ஒரு சொட்டு நீரும் நகராது என்று சிக்னே சொன்னாள். அன்று மாலை ஊரில் பெரிய சண்டை. எல்லோரும் தூங்கப்போகும்போது ஏரிக்கு ஒரு வடிவம் கிடைத்திருந்தது.

பிளம் மரத்துக்கு இந்த வருடம் கிளை வெட்டினாயா?

எஸ்கில்

*

டோர்ன்ஸ்பி
18 மார்ச் 1988

அன்புள்ள எஸ்கில்,

கிளை வெட்டியாயிற்று. கோணலாக வந்திருக்கிறது, உனக்குப் பிடிக்கும்.

உன் சிக்னே கேட்டதை நான் குழுவில் கேட்டேன். "தேவாலயம் என்றால் எது?" என்றேன். ஒப்பந்தக்காரர் யெப்பெ என்னை ஏதோ காய்ச்சல் வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சர்ச்னா சர்ச்தான். இதுல என்ன தோவே கேள்வி?" என்றார்.

"சுவர் மட்டுமா? மணியும் உண்டா? ஆர்கன்? வாசல் கல்?"

அவ்வளவுதான், ஆரம்பித்தது. நம் போதகர் குன்வோருக்குக் கண் பளபளத்தது. "எடுக்கறதே எடுக்கறோம், அப்படியே தரைக்கடியில சுடுதண்ணிக் குழாயும் போட்டுடலாமே! நான் பிரசங்கம் பண்றப்ப ஜனங்க பல்லு அடிக்கிற சத்தம்தான் எனக்குக் கேக்குது" என்றார்.

"அதுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும்" என்றேன்.

"அப்ப பிரசங்கத்தைச் சுருக்கச் சொல்றியா?"

"அதைத்தானே நீங்க வந்த நாள்ல இருந்து சொல்றோம்" என்றார் யெப்பெ. குன்வோரே சிரித்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் முடிவுக்கு வந்தோம். சுவர், கோபுரம், மணி, காலடி பட்டுத் தேய்ந்த வாசல் கல். இவை வரும். ஆர்கன் வாத்தியத்தைக் கழற்றித் தனியாகக் கொண்டுவருவோம். குழாய் இல்லை, புது சன்னல் இல்லை, பாடகர் குழுவுக்குப் புது அறை இல்லை. ஓரிரண்டு பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆனாலும் எதைத் தூக்க வேண்டும் என்று முதல் முறையாக எனக்குத் தெரிந்தது. அந்தத் தலையணைப் புத்தகம் இதற்கு நாற்பது பக்கம் எடுத்துக்கொள்கிறது.

ஒரு குறை. சிக்னே பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுகிறாள் என்று நீ எழுதவில்லைதான். ஆனால் செருமுகிறாள், எனக்குக் கேட்கிறது. நிபந்தனையை மறக்காதே.

அடுத்து என் சந்தேகம். இந்த வேலையால் யார் யாருக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறது புத்தகம். சபை, நகராட்சி, பேராயர், ஓஸ்டர்கோர் குடும்பம், கல்லறை உள்ளவர்கள் எல்லோரிடமும் பேசிவிட்டேன். இருந்தும் யாரையோ விட்டுவிட்டது போல ஓர் அரிப்பு. உன் கதையில் இதற்கு ஏதாவது உண்டா?

தோவே

*

ஸ்வென்போர்
17 ஏப்ரல் 1988

அன்புள்ள தோவே,

தாமதத்துக்குக் கோபிக்காதே. உன் சந்தேகம் என்னையும் பிடித்துக்கொண்டது. அது தீர்ந்தால்தானே எழுத முடியும்? நேற்று நீர்க்கரையில் நடந்துகொண்டிருந்தபோது விடை தலைக்கு மேலே பறந்து போயிற்று.

ஊர்ப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஏரியை ஏந்தும் அளவுக்கு ஒரு துணி நெய்தார்கள். பனி நிறத் துணி. அதை விரித்தபோது பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு பெருமூச்சு கேட்டது. எல்லாம் தயார். விடிந்தால் தூக்க வேண்டியதுதான்.

அன்று கொக்குகள் திரும்பி வந்தன. தெற்கே எங்கோ குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வருடாவருடம் வருவது போல வந்தன. ஏரிக்கு மேல் வட்டமடித்தன, இறங்கவில்லை. கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியைப் பார்த்துக் குழம்பின. அவற்றை யாரும் கூட்டத்துக்கு அழைத்திருக்கவில்லை. ஏனென்றால் கூட்டம் நடந்தபோது அவை ஊரிலேயே இல்லை. ஏரிக்கரையில் வாழ்கிறவர்களை எல்லாம் கேட்டாயிற்று. ஏரியைத் தொலைவிலிருந்து தேடி வருகிறவர்களை யார் கேட்பது? சிக்னே அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். கழுத்து வலித்தது.

இதற்கு மேல் எனக்கே தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.

எஸ்கில்

*

டோர்ன்ஸ்பி
23 மே 1988

அன்புள்ள எஸ்கில்,

உன் கொக்குகளைப் படித்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். தேவாலயம் வெள்ளையாக நின்றது. அதைத் தொலைவிலிருந்து யார் பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டேன். கோட்டை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினேன்.

லவுரிட்ஸ் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். உனக்குத் தெரியாது, நீ போன பிறகு தன் அண்ணனிடமிருந்து படகை வாங்கிக்கொண்டு வந்தவர். "கோபுரத்தை நகத்தினா உங்களுக்கு ஏதாவது சிரமமா?" என்று கேட்டேன். அவர் வலையைக் கீழே போட்டார்.

"இப்பதான் கேக்கத் தோணுச்சா? அந்த வெள்ளைக் கோபுரத்தையும் பின்னாடி இருக்கிற ஆலைக் கூரையையும் ஒரே கோட்டுல வச்சுப் பாத்துதான் மணல்திட்டுக்கு நடுவுல உள்ள வர்றோம். நீங்க தள்ளி வச்சீங்கன்னா மொதல் மூடுபனிக்கே ஒருத்தன் போய் மணல்ல குத்துவான்."

"ஏன் சொல்லல?"

"யாரு கேட்டா? கமிட்டில இருக்கிறவங்க எல்லாம் உள்ள உக்காந்து பாடறவங்க. நாங்க கோயிலுக்குள்ள வர்றதில்ல. தூரத்துல இருந்து பாக்கறதோட சரி."

எனக்குக் கோபம் வரவில்லை, எஸ்கில். பயம்தான் வந்தது. கதை வராமல் இருந்திருந்தால் நான் இதைக் கேட்டிருக்கவே மாட்டேன். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள், ஒரு படகு மணலில் குத்துகிற வரைக்கும்.

துறைமுகக்காரர்களோடு பேசி, கோபுரம் இருக்கிற அதே கோட்டில் மேட்டில் ஓர் உயரமான கம்பமும் அதில் வெள்ளைப் பலகையும் நடுவதென்று ஏற்பாடு. அதனால் ஜூனில் நடக்க வேண்டியது செப்டம்பருக்குப் போய்விட்டது. பலகையை எங்கே வைத்தால் சரியாகத் தெரியும் என்று பார்க்க லவுரிட்ஸ் என்னைப் படகில் கூட்டிப்போனார். இத்தனை வருடத்தில் நான் நம் ஊரைக் கடலிலிருந்து பார்த்ததில்லை. மூடுபனி தாழ்வாகப் படிந்திருந்தது. மேடு தெரியவில்லை, வீடுகள் தெரியவில்லை. தேவாலயம் மட்டும் எதன் மேலும் நிற்காமல் காற்றில் இருந்தது. படகு ஆடியபோது அது ஏற்கனவே நடக்க ஆரம்பித்துவிட்டது போல இருந்தது.  லவுரிட்ஸ் இன்ஜினை நிறுத்தினார்.

இப்போதெல்லாம் என் கனவில் அந்தத் துணி வருகிறது. அதன் ஒரு முனையை நான் பிடித்திருக்கிறேன். மறுமுனை யாரிடம் என்று தெரியவில்லை.

அடுத்த பகுதியை அனுப்பு.

தோவே

*

ஸ்வென்போர்
4 ஜூலை 1988

அன்புள்ள தோவே,

மாணவர்கள் விடுமுறைக்குப் போய்விட்டார்கள். கட்டடத்தில் நானும் தோட்டக்காரரின் பூனையும்தான். உன் கடிதத்தைப் பூனைக்கு வாசித்துக் காட்டினேன். படகு இடத்தில் அதுகூட நிமிர்ந்து பார்த்தது.

கொக்குகளுக்காக ஊரார் பழைய இடத்தில் ஒரு சின்னக் குட்டையை விட்டுவைத்தார்கள், வழி கேட்டுப் போவதற்கு. பிறகு ஊரே துணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. ஏரி எழுந்தது. உள்ளே மீன்கள் தூங்கிக்கொண்டே வந்தன. நிலாவும் கூடவே வந்தது. பகலில்கூட.

சிக்னே வழியில் சில நாட்களை எதற்கும் ஒதுக்காமல் வெறுமையாக வைத்திருந்தாள். "இந்த நாளுக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். "ஒன்னுமில்ல" என்றாள். "ஒன்னுமில்லாத நாளு எதுக்கு?" என்று கைவலிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கணவாயில் மூடுபனி இறங்கியது. யாருக்கும் தன் கையே தெரியவில்லை. அப்போது எல்லோரும் ஏரியை மெதுவாகப் புல்லில் இறக்கி வைத்துவிட்டு அதன் கரையில் படுத்துத் தூங்கினார்கள். வெறும் நாள் என்பது அதற்குத்தான். அப்படி ஒரு நாள் இல்லாமல் ஓட வேண்டியிருந்தால் மூடுபனியில் ஏரியைக் கொட்டியிருப்பார்கள்.

அங்கேயே அவர்களைத் தூங்கவிட்டு வந்துவிட்டேன். எப்படி முடியும் என்று தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை, சாக்கு சொல்லவில்லை.

அந்த நாளுக்கு நான் வரலாமா? உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். கூட்டத்தில் ஒருவனாக நிற்பேன்.

எஸ்கில்

*

டோர்ன்ஸ்பி
19 ஆகஸ்ட் 1988

அன்புள்ள எஸ்கில்,

அவசரமாக எழுதுகிறேன். தண்டவாளம் போட்டாயிற்று. தேவாலயம் இப்போது இரும்பு உத்தரத்தின் மேல் நிற்கிறது. அடியில் குனிந்து பார்த்தால் அந்தப் பக்கத்து வானம் தெரிகிறது. செப்டம்பர் பத்து, சனிக்கிழமை. பேராயர் வருகிறார், ஊதுகுழல் வாத்தியக் குழு வருகிறது, தொத்திறைச்சி விற்கிற வண்டிக்காரர்கள் இப்போதே இடம் பிடிக்கிறார்கள்.

வா. யாரும் யாரையும் தடுக்க முடியாது, அன்று வயலை எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். அன்று எனக்குப் பேச நேரம் இருக்காது. கூட்டத்தில் நிற்பவன் கதையின் முடிவையும் கையில் கொண்டு வந்தால் நன்றாக இருக்கும்.

தோவே

*

ஸ்வென்போர்
14 செப்டம்பர் 1988

அன்புள்ள தோவே,

வந்திருந்தேன். நீ பார்க்கவில்லை. தொத்திறைச்சி வண்டிக்குப் பின்னால், மழையில் நின்றிருந்தேன்.

தேவாலயத்தைப் பார்த்தேன். பிள்ளைகள் கொடி அசைத்தார்கள். வாத்தியக் குழு வாசிக்க ஆரம்பித்து நிறுத்தியது. அப்போது நீ ரப்பர் பூட்ஸோடு தண்டவாளத்தின் ஓரமாக நடந்து வந்தாய். பேராயருக்கு முன்னால் நின்றாய். "இன்னைக்கு இல்ல" என்றாய்.

யெப்பெ கையை விரித்தார். "தண்டவாளம் தாங்கும் தோவே. நான் சொல்றேன்ல?"

"நான் உன் தண்டவாளத்தைப் பத்திப் பேசல. அதுக்கு அடியில இருக்கிற மண்ணைப் பத்திப் பேசறேன். மூணு நாளா மழை."

"இவ்ளோ பேரு எங்கெங்கேயோ இருந்து வந்திருக்காங்கம்மா" என்றார் பேராயர், மெதுவாகத்தான்.

நீ தொண்டையைச் செருமினாய். "இன்னைக்கு இல்ல" என்றாய் மறுபடி. திரும்பி வயலுக்குள் நடந்துவிட்டாய்.

சுற்றியிருந்தவர்கள் என்னென்னவோ சொன்னார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அத்தனை பேர் முகத்துக்கு நேராக அப்படிச் சொல்லக்கூடியவளுக்கு என் கதை எதற்கு, நான்தான் எதற்கு என்று தோன்றியது. வருத்தமாக இல்லை. பெருமையாக இருந்தது. அடுத்த பேருந்தில் ஏறிவிட்டேன்.

ரயிலில் முடிவு வந்தது. நான் எழுதிய மாதிரியே இல்லை, யாரோ சொல்லக் கேட்ட மாதிரி. இதோ: மூடுபனி விலகியது. ஏரியைப் புதுப் பள்ளத்தாக்கில் இறக்கினார்கள். அது இரண்டு முறை அசைந்து, தன் இடத்தைக் கண்டுபிடித்து அமர்ந்தது. மீன்கள் விழித்தன. எல்லோரும் கரையில் அடுப்பு மூட்டினார்கள். சிக்னே கால்களை நீரில் நனைத்துக்கொண்டாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் எழுந்து, அடுத்த மலையை நோக்கித் தனியாக நடந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஏரி மினுங்கிக்கொண்டிருந்தது.

முடிந்தது. என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றின் கடைசி வரியில் புள்ளி வைத்திருக்கிறேன். கையோடு இன்னொன்றையும் முடித்துவிடலாம் என்று வக்கீல் எப்போதோ அனுப்பிய விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். உன் கையெழுத்துக்கு இடம் கீழே இருக்கிறது. உன்னைக் காக்க வைத்திருக்கக் கூடாது.

நன்றாக இரு.

எஸ்கில்

*

டோர்ன்ஸ்பி
2 அக்டோபர் 1988

அன்புள்ள எஸ்கில்,

முதலில் செய்தி. தேவாலயம் வயலில் இருக்கிறது. போன புதன்கிழமை நகர்த்தினோம். பேராயர் இருந்தார். வாத்தியக் குழுவுக்கு வேறு கல்யாணம் இருந்ததால் வரவில்லை. மழை இல்லை, காற்று இல்லை. அது நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் நடக்காது. ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் பார்த்தால் சன்னலில் வேறு மேகம் இருக்கும். ஓஸ்டர்கோர் வீட்டு மாடுகள் வேலியோரம் வரிசையாக நின்று அதைக் கடைசி வரை அனுப்பிவைத்தன. குன்வோர் உள்ளேயே உட்கார்ந்து வந்தார், யார் சொல்லியும் கேட்கவில்லை. மாலையில் இறங்கி, "தூங்கிட்டேன் போலிருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. விழித்துக்கொண்டே தூங்கியது போல.

இப்போது அந்தச் சனிக்கிழமை. வயலுக்குள் நடந்தேன் என்கிறாயே, எங்கே போனேன் தெரியுமா? யெப்பெயின் வண்டிக்குப் பின்னால். அங்கே உட்கார்ந்து, சொன்னது சரிதானா என்று யோசித்தபடி புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் தண்டவாளத்தின் ஒரு முனை சேற்றுக்குள் முழங்கால் ஆழம் போயிருந்தது. யெப்பெ பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். 

அந்தச் சனிக்கிழமை, புல்லை விட்டுவிட்டு எழுந்து வந்தேன். தொத்திறைச்சிக்காரர் ஒரு குடையைக் காட்டினார். "ஒசரமா ஒருத்தரு. மழையில குடையைக் கைல வச்சுக்கிட்டே நனைஞ்சாரு, அப்புறம் இதை விட்டுட்டுப் போயிட்டாரு." அப்படி ஒரு ஆளை எனக்கு ஒருவரைத்தான் தெரியும். அதை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினேன். ரப்பர் பூட்ஸில் ஓடிப் பார்த்திருக்கிறாயா? பேருந்தின் பின்பக்கம்தான் தெரிந்தது.

கதைக்கு வருகிறேன். நன்றி, உண்மையாகவே. அது இல்லாமல் இதைச் செய்திருக்க மாட்டேன். ஆனால் முடிவு தப்பு. அத்தனை தூரம் சுமந்துவிட்டு, கரையில் அடுப்பு மூட்டியிருக்கும்போது அவள் சாப்பிடாமல் எங்கே போகிறாள்? யார் அவளைப் போகச் சொன்னது? நீ ரயிலில் உட்கார்ந்து எழுதியதால் அவளும் கிளம்பிவிட்டாள்.

நீ கையெழுத்துப் போட்ட காகிதம் என் முன்னால் இருக்கிறது. நான் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. அவசரமாக முடிப்பதும் பாதியில் விடுவது போலத்தான் என்று இந்த வருடம் எனக்குப் புரிந்திருக்கிறது.

"இன்னைக்கு இல்ல" என்றுதான் நான் சொன்னேன். உன் காதில் அது "வேண்டாம்" என்று விழுந்திருக்கிறது. பேராயர் அந்த மழையில் என் பின்னாலேயே வயலுக்குள் வந்தார். அங்கி முழுக்கச் சேறு. "சரிம்மா, அப்ப எப்ப வரட்டும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத்தான் போனார்.

நீ கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை, மதியப் பேருந்து. நிறுத்தத்தையும் வயல் பக்கம் மாற்றிவிட்டார்கள். கோபுரம் தெரிந்ததும் இறங்கிவிடு.

தோவே